சுடுதண்ணி ஏன் வெதுவெதுன்னு வருது?

சமையலறைப் பக்கமே போகாத ஆசாமிகளைக் கிண்டல் செய்ய நம் ஊரில் ஒரு வசனம் உண்டு. "அவனுக்கு சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது!" உலகத்திலேயே சுலபமான சமையல் அதுதான் என்பது எல்லோருடைய நினைப்பு. அடுப்பில் பாத்திரம் இருந்த காலம் வரைக்கும் அது சரி. பாத்திரம் போய், குளியலறைச் சுவரில் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்ததும் கதை மாறிவிட்டது. இப்போது சுடுதண்ணீர் ஏன் சுடவில்லை என்று சொல்ல பிளம்பர், எலக்ட்ரீஷியன், கம்பெனி ஆள் என்று மூன்று பேர் வர வேண்டியிருக்கிறது. மூன்று பேரும் மூன்று காரணம் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

அந்தப் பெட்டிக்கு நாம் வைத்திருக்கும் பெயரே வேடிக்கையானது. ஐஸ்லாந்து நாட்டில் பூமிக்குள்ளிருந்து பீய்ச்சியடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் ஒரு எரிவாயுக் கருவியைச் செய்து, அந்த ஊற்றின் பெயரையே அதற்கு வைத்தார். ஆங்கிலேயர்கள் இன்று அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டு பாய்லர் என்கிறார்கள். நாம் மட்டும் விடாமல் கீசர், கீசர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கீசரும் பாய்லரும் ஒரே குடும்பத்தில், ஒரே வாரத்தில் மக்கர் செய்தால் எப்படி இருக்கும்? காரைக்காலில் அது நடக்கக்கூடிய கதைதான்.

ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். அதன்பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்க ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' தாத்தாக்களும் உண்டு. அதனால்தான் இன்றைக்கும் காரைக்காலில் பல வீடுகளுக்கு ஒரு கால் அரசலாற்றங்கரையில், இன்னொரு கால் பாரிஸ் புறநகரில்.

அப்படி ஒரு வீடு. பாட்டி, மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகும் பேரன் இங்கே. பாட்டியின் மகன் குடும்பத்தோடு பாரிஸ் பக்கம். பாட்டிக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். தினமும் சுடுதண்ணீரில்தான் குளிக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் பட்டால் கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மார்கழி மாதம், மழை விட்டும் விடாத நேரம். சரியாக அப்போதுதான் கீசர் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. கொதிக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. வெதுவெது!

மகனிடம் போனில் சொன்னால் அவர் சிரிக்கிறார். "இங்கேயும் அதே கதைதாம்மா. ரெண்டு நாளா பிள்ளைங்க குளிக்காம ஸ்கூலுக்குப் போவுது. வெளியில ஒரே பனி."

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று காரைக்கால் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. கீசரை நம்ப முடியாததால் மகள் தினமும் காலையில் கேஸ் அடுப்பில் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு கையிலும் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டிக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதே கூடத்தில்தான் பேரன் ஒரு கால் ஷூவோடு இன்னொரு ஷூவைத் தேடி ஓடிக்கொண்டிருப்பான். கொதிக்கும் தண்ணீர் மேலே கொட்ட ஒரு வினாடி போதும். பாட்டி தினமும் கட்டிலில் உட்கார்ந்தபடி, "மெதுவாடி... பிள்ளை வர்றான் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பிளம்பர் வந்தார். பார்த்தார். "காயில் போயிருக்கும் அண்ணே. நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு இதெல்லாம் தாங்காது. புதுசா மாத்திடுங்க" என்றார்.

மருமகன் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். ஆயிரக்கணக்கில் செலவு என்றதும் அவருக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டார். கடையில் கல்லாப் பணம் குறைந்தால் உடனே கல்லாப்பெட்டியை மாற்றுவோமா? வரவு சரியாக வந்ததா, இருப்பு எவ்வளவு, நடுவில் எங்கே கசிந்தது என்றுதானே பார்ப்போம்? சூட்டுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா?

இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

வரவு: சூடு உள்ளே போகிறதா?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 2 கிலோவாட் கீசர் என்றால் வினாடிக்கு 2 கிலோஜூல் கொடுக்கிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டுக் கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் சுமார் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரிக்குக் கொண்டுபோக 33 டிகிரி ஏற்ற வேண்டும். 15 x 33 x 4.2 = கிட்டத்தட்ட 2080 கிலோஜூல். இரண்டால் வகுத்தால் 1040 வினாடி. அதாவது 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

மருமகன் செய்தது இவ்வளவுதான். குழாயைத் திறந்து, உள்ளே இருந்த பழைய சூடெல்லாம் போகும்வரை விட்டார். மூடினார். சுவிட்சைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் சூடாகிவிட்டால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும், கீசரின் முகத்தில் எரியும் சிவப்பு விளக்கு அணையும். 18 நிமிடத்தில் அணைந்தது.

காயில் போகவில்லை! யோசித்துப் பார்த்தால் பிளம்பர் சொன்னதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. நம் வீட்டுக் கீசர்களில் பெரும்பாலும் காயில் ஒன்றுதான். அது அறுந்துபோனால் தண்ணீர் பச்சைத் தண்ணீராகத்தான் வரும். பாதி செத்து பாதி உயிரோடு இருந்து வெதுவெதுவென்று கொடுக்கும் பழக்கம் அதற்குப் பொதுவாகக் கிடையாது.

விளக்கு அணைய மிக அதிக நேரம் ஆனால் பார்க்க வேண்டியது வோல்டேஜை. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறையும், ஏனென்றால் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் 2 கிலோவாட் கீசர் சுமார் 1.36 கிலோவாட் கீசராகிவிடும். 17 நிமிட வேலைக்கு 25 நிமிடம். பத்து நிமிடம் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவருக்கு வெதுவெதுதான் மிச்சம், கீசர் மேல் பழி.

மாறாக, விளக்கு ஐந்தாறு நிமிடத்திலேயே அணைந்துவிட்டால்? தெர்மோஸ்டாட் குறைவான சூட்டில் வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அது கெட்டுப்போய் அவசரப்படுகிறது. இதுவும் காயில் இல்லை. தெர்மோஸ்டாட்டின் விலை புதுக் கீசர் விலையில் ஒரு சிறு பங்குதான்.

உப்புத் தண்ணீர் என்ற குற்றவாளி

டெல்டா கடலோரத்தில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி உப்புத் தண்ணீர்தான். அதில் நியாயமும் இருக்கிறது. காவிரியின் கடைமடை இது. கடலை ஒட்டிய இடங்களில் போர் போட்டால் உவர்ப்பு வருவது பழைய கதை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோரக் கிராமங்களின் கிணறுகளுக்குள் கடல் தண்ணீரே புகுந்தது.

ஆனால் உப்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடினத் தண்ணீர் சூடாகும்போது காயில் மேல் சுண்ணாம்பு மாதிரி ஒரு படலம் படியும். பலரும் நினைப்பது, "படலம் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, அதனால் வெதுவெது." மின்சாரக் கீசரைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை. காயில் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் சூடு வேறு எங்கே போகும்? கொஞ்சம் தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். படலத்தின் உண்மையான கெடுதல் வேறு. காயில் தன் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவைக்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து, ஒரு நாள் அறுந்துபோகும். அடியில் சுண்ணாம்பு சேர்ந்து தொட்டியின் கொள்ளளவையும் குறைக்கும்.

உவர்ப்பு தொட்டியை அரிக்கும். அதைத் தடுக்கத்தான் கீசருக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருக்கிறார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைந்துபோவதுதான் அதன் வேலை (பாவப்பட்ட ஜென்மம்). உவர்த் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் ஆளை அழைத்து அதைப் பார்க்கச் சொன்னால் கீசரின் ஆயுள் கூடும். காயிலையும் அப்போதே சுத்தம் செய்துவிடலாம்.

கடல் காற்று செய்யும் வேலை இன்னொன்று. பிளக் முனைகளும் வயர் இணைப்புகளும் பச்சை பூத்துத் தளர்ந்துபோகும். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பு அதைத் தாங்காமல் சூடாகும், கருகும். பிளக்கைக் கழற்றும்போது கை சுட்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இருப்பு: எத்தனை பக்கெட்?

வரவு சரி. அடுத்தது இருப்பு. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரித் தண்ணீர் இருக்கிறது. குளிக்க 40 டிகிரி போதும். 27 டிகிரிப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் மொத்தம் எவ்வளவு வரும்? கணக்குப்படி 38 லிட்டர். நாம் தண்ணீர் எடுக்க எடுக்கப் புதுத் தண்ணீர் உள்ளே வந்து கலப்பதால் நடைமுறையில் இன்னும் குறையும். சுமாரான பக்கெட்டில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட்டை 50-க்குக் குறைத்தால் கணக்கிலேயே 27 லிட்டர்கூட வராது.

ஆகவே காலையில் மூன்றாவதாகக் குளிக்கப் போகிறவருக்கு வெதுவெது வருவது பழுது இல்லை. வரிசையில் பின்னால் நின்றதன் பலன்! கால் மணி நேரம் விட்டுப் போனால் சரியாகிவிடும்.

3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' கீசரை வாங்கி ஷவரில் மாட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். 3 கிலோவாட் கருவி, தண்ணீரை 27-லிருந்து 40-க்குத் தொடர்ந்து ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3.3 லிட்டர்தான் கொடுக்க முடியும். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் கொட்டும். பாத்திரம் கழுவ வாங்க வேண்டியதைக் குளிக்க வாங்கினால் அது என்ன செய்யும்?

மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்தவர்கள் பைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள பைப்பில் மீட்டருக்கு 180 மில்லி தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் பைப் என்றால் மூன்றரை லிட்டர். அது முழுக்க ஆறிப்போன தண்ணீர். அது வெளியேறிய பிறகுதான் உண்மையான சூடு வரும்.

காரைக்கால் வீட்டில் பாட்டிக்குத்தான் முதல் பக்கெட். அதுவே வெதுவெது. எனவே இருப்பும் காரணம் இல்லை.

கசிவு: திருட்டுத்தனமாகக் கலப்பது யார்?

கீசருக்குக் கீழே இரண்டு பைப் இருக்கும். நீலம் பச்சைத் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு சுடுதண்ணீர் வெளியே வர. சுடுதண்ணீர் லேசானது, மேலே நிற்கும். அதனால் சிவப்புப் பைப் உள்ளே உச்சி வரைக்கும் நீண்டிருக்கும். இந்த இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால் பச்சைத் தண்ணீர் உச்சியில் கொட்டி எல்லாவற்றையும் கலக்கிவிடும். புதிதாக மாட்டிய நாளிலிருந்தே வெதுவெது என்றால் முதலில் இதைப் பார்க்கலாம். இவர்கள் கீசர் நான்கு வருடமாக நன்றாக இருந்தது, எனவே இதுவும் இல்லை.

மருமகன் அடுத்து ஒரு பரிசோதனை செய்தார். காசு செலவில்லாதது, யாரும் செய்யலாம். கீசரின் சுவிட்சை அணைத்தார். கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடினார். பிறகு பக்கெட் நிரப்பும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டால் வெளியே வருவதும் சில வினாடிகளில் நின்றுவிட வேண்டும் அல்லவா?

நிற்கவில்லை. தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது!

அப்படியானால் அந்தக் குழாய்க்குக் கீசர் வழியாக இல்லாமல் வேறு ஒரு வழியிலும் தண்ணீர் வருகிறது. அதாவது எங்கேயோ பச்சைத் தண்ணீர் பைப், சுடுதண்ணீர் பைப்போடு கலந்துகொண்டிருக்கிறது.

எங்கே? பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க வசதியாக ஒரு கை ஷவர் மாட்டியிருந்தார்கள். சூட்டுக்கு ஒரு திருகு, பச்சைத் தண்ணீருக்கு ஒரு திருகு, நுனியில் விரலால் அழுத்தும் விசை. தினமும் இரண்டு திருகையும் சரிபார்க்கச் சிரமமாக இருந்ததால் மகள் ஒரு முறை பதமாக வைத்துவிட்டு, அப்படியே திறந்தே விட்டிருந்தார். நுனியில் விசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடுகிறதே, அப்புறம் என்ன? பாட்டிக்கோ அந்த ஷவர் பிடிக்கவில்லை. "இதென்ன தூறல் மாதிரி... சொம்பால மொண்டு ஊத்தினாதான் குளிச்ச மாதிரி இருக்கும்" என்று இரண்டாம் நாளே பக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார். ஷவர் சும்மா தொங்கியது. இரண்டு திருகும் திறந்தபடியே இருந்தன.

அந்த இடத்தில்தான் இரண்டு பைப்பும் கை கோத்திருந்தன. பக்கெட் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கீசரிலிருந்து கொஞ்சம், ஷவர் வழியாகப் பச்சைத் தண்ணீர் கொஞ்சம். கீசரைச் சுற்றி வருவதைவிட அந்த வழி சுலபம் என்றால் தண்ணீர் அதைத்தான் விரும்பும்.

மருமகன் ஷவரின் இரண்டு திருகையும் மூடினார். பக்கெட் குழாயில் தண்ணீர் நின்றது. கீசர் வால்வைத் திறந்து, குழாயில் தண்ணீர் நிறைந்து வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட்டார். (தொட்டியில் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் காயில் நிஜமாகவே போய்விடும்!) 18 நிமிடம் கழித்து பக்கெட்டில் ஆவி பறந்தது. செலவு: பூஜ்யம்.

"என்னங்க, இதுக்கா ஒரு மாசமா பாத்திரம் தூக்கினேன்?" என்று மகள் தலையில் கை வைத்தார். "பரவாயில்லம்மா, பிள்ளை மேல கொட்டாம இருந்ததே சாமி புண்ணியம்" என்றார் பாட்டி.

பாரிஸில் என்ன கதை?

அன்று இரவே மருமகன் மச்சானுக்குப் போன் போட்டார். கணக்கு ருசி கண்டுவிட்டதே!

பிரான்சில் பல அடுக்குமாடி வீடுகளில் இருப்பது எரிவாயு பாய்லர், அவர்கள் மொழியில் ஷோதியேர். ஒரே பெட்டி இரண்டு வேலை செய்யும். குளிர்காலத்தில் அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களுக்குச் சூடான தண்ணீரைச் சுற்றவிடும். யாராவது சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஒரு திருப்பு வால்வு, ரேடியேட்டர் பக்கம் போகும் சூட்டை ஒரு சின்ன உலோகத் தகடுக் கட்டின் பக்கம் திருப்பிவிடும். தகட்டின் ஒரு பக்கம் பாய்லரின் சூடான தண்ணீர், மறுபக்கம் குழாய்த் தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கை மாறும். சேமிப்புத் தொட்டி பெரும்பாலும் கிடையாது. கீசர் சேமிப்புக் கணக்கு என்றால் இது அன்றாடங்காய்ச்சி.

"எல்லாக் குழாயிலும் வெதுவெதுவா, ஷவர்ல மட்டுமா மச்சான்?"

"கிச்சன்லயும் அப்படித்தான்."

ஷவரில் மட்டும் என்றால் ஷவரின் கலவைக் குழாயைச் சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் என்றால் பாய்லரைத்தான் பார்க்க வேண்டும்.

"பத்து லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம்?"

"சரியா ஒரு நிமிஷம்."

24 கிலோவாட் பாய்லர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் சுமார் 34 டிகிரி ஏற்ற முடியும். அங்கே ஜனவரித் தண்ணீர் 8 டிகிரி என்று வைத்தாலும் 42 டிகிரி வர வேண்டும். கோடையில் அதே தண்ணீர் 20 டிகிரியாக இருக்கும்போது இதே பாய்லர் நிமிடத்துக்கு 15 லிட்டரைக்கூடச் சுகமாகச் சூடாக்கும். கோடையில் நன்றாக இருந்த பாய்லர் குளிர்காலத்தில் கெட்டுவிட்டது என்று நினைக்கிறவர்களில் பலருக்குக் குழாயைக் கொஞ்சம் மூடினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

"குழாயைப் பாதி மூடிப் பாருங்க. சூடு ஏறுதா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

இது முக்கியமான தடயம். மெதுவாக விட்டால் சூடு ஏறுகிறது என்றால் பாய்லரின் சக்திக்கு மேல் தண்ணீர் எடுக்கிறோம், அல்லது தகடுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. பாரிஸ் பகுதித் தண்ணீரும் சுண்ணாம்புக்குப் பெயர் போனதுதான். கீசர் காயிலைப் போல் இல்லாமல் இங்கே படலம் படிந்தால் நிஜமாகவே சூடு கை மாறாது. மெதுவாக விட்டும் ஏறவில்லை என்றால், சூடு வேறு எங்கேயோ போகிறது.

"ஒரு மணி நேரம் ரூம் ஹீட்டிங்கை நிறுத்திடுங்க. ரேடியேட்டர் ஆறினதும் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வச்சிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்க."

அரை மணி கழித்து அல்ல, அடுத்த நாள்தான் பதில் வந்தது. குழந்தைகள் தூங்கும்போது ஹீட்டிங்கை நிறுத்த முடியாதே! "மச்சான்... ரேடியேட்டர் சூடாவுது!"

திருப்பு வால்வு நடுவழியில் சிக்கிக்கொண்டிருந்தது. குளிக்க வேண்டிய சூட்டில் பாதி அறைச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மேல் மச்சான் கை வைக்கவில்லை. பாய்லரின் மூடியைத் திறப்பது தகுதி பெற்ற டெக்னீஷியன் வேலை. பிரான்சில் 2009 ஜூன் மாத அரசாணைப்படி வீட்டு பாய்லர்களுக்கு வருடாந்திரப் பராமரிப்பு கட்டாயம். அந்த ஒப்பந்தத்தில் இருந்த டெக்னீஷியனிடம் "தண்ணி சூடாகல" என்று சொல்லாமல், "ஹீட்டிங் நிறுத்தியிருந்தும் சுடுதண்ணி திறந்தா ரேடியேட்டர் சூடாகுது" என்று சொன்னார். அவர் வரும்போதே வால்வோடு வந்தார்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

கணக்குப் போடலாம், கடிகாரம் பார்க்கலாம், குழாயைத் திறந்து மூடலாம். ஆனால் கீசரின் மூடியைக் கழற்றுவது வேறு விஷயம். எர்த் சரியாக இல்லாத கீசர் கொலைகாரன். மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் புதுக் கீசருக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யலாம்.

கீசர் சரியில்லை என்றதும் பலர் கடைக்குப் போய் வாங்குவது பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பி. சுவிட்சை அணைக்காமல் "சூடாயிடுச்சா" என்று விரலை விட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு. பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

கேஸ் கீசரைக் காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் மாட்டுவது அதைவிட மோசம். அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுவது கதவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. கருவி வெளியே, சுடுதண்ணீர்ப் பைப் மட்டும் உள்ளே என்பதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, வெதுவெதுவுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை உச்சத்துக்குத் திருகிவிடுகிறவர்கள் உண்டு. 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தைகள், வயதானவர்கள் உள்ள வீட்டில் பச்சைத் தண்ணீரைப் பக்கெட்டில் முதலில் பிடித்து, பிறகு சுடுதண்ணீரைச் சேர்ப்பது நல்ல பழக்கம்.

சுருக்கமாக...

1. ஒரு குழாயிலா, எல்லாக் குழாயிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் கீசரை விட்டுவிட்டு அந்தக் குழாயைப் பாருங்கள்.

2. விளக்கு அணைய எத்தனை நிமிடம்? 15 லிட்டர், 2 கிலோவாட் என்றால் 17, 18 நிமிடம். மற்ற அளவுகளுக்கு லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, அதை 4.2-ஆல் பெருக்கி, வாட்டின் கிலோக்கணக்கால் வகுத்தால் வினாடி கிடைக்கும்.

3. எத்தனையாவது பக்கெட்டில் வெதுவெது? மூன்றாவதில் என்றால் பழுது இல்லை.

4. சுவிட்சை அணைத்து, கீசர் வால்வை மூடிய பிறகும் சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா? வந்தால் கலப்படம் வேறு இடத்தில்.

5. இந்த நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். "தண்ணி சரியா சூடாகல" என்று சொன்னால் வருகிறவருக்குப் புதுசு மாற்றுவது ஒன்றுதான் வழியாகத் தெரியும். அவர் மேல் தப்பு இல்லை, நாம் கொடுத்த தகவல் அவ்வளவுதான். "18 நிமிஷத்துல விளக்கு அணையுது, வால்வை மூடினாலும் தண்ணி வருது" என்று சொன்னால் அவரே சிரித்துக்கொண்டு ஷவர் பக்கம் போய்விடுவார்.

காரைக்கால் வீட்டுக் குளியலறையில் இப்போது கை ஷவருக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பேரன் கொட்டை எழுத்தில் எழுதியது: "குளிச்சதும் ரெண்டு திருகையும் மூடவும்." அலுமினியப் பாத்திரம் பரணுக்குப் போய்விட்டது. பொங்கலுக்குத்தான் இறங்குமாம்.